கல்லு கெடக்குற கரையில தூண்டில் போட எந்த பிரெய்டு தாங்கும்?

திசையன்விளை தூண்டில்:

எல்லாருக்கும் வணக்கம். உவரி பக்கம் தூண்டில் வளைவு (கடலரிப்புக்கு போட்ட கல்லு தடுப்பு) மேல நின்னும் அங்கிட்டு இடிந்தகரை பக்கம் தட்டுப்பாறை கெடக்குற எடத்துலயும் ராடு போடுதேன். 12 அடி ராடு, 6000 சைஸ் ரீலு, 100 கிராம்ல இருந்து 120 கிராம் ஈயம். ரீலுல இப்ப கெடக்குறது எட்டு இழை பிரெய்டு (இழைய பின்னி செஞ்ச நரம்பு), 0.20 எம்எம், டப்பால 80 பவுண்டுன்னு போட்டுருக்கு. மணலுல போட்டா ஒரு கொறையும் இல்ல, நல்ல தூரம் போவுது, மீன் தொட்டாலே ராடு முனையில தெரியுது. கல்லுல போட்டாதான் வெனை. மீன் இழுத்து அறுத்தா மனசு ஆறிரும், இது அப்புடி இல்ல, ஈயம் கல்லு சந்துல மாட்டும், ரெண்டு இழு இழுத்தா நடு நரம்புல போயி 30, 40 மீட்டர் கடலோட போயிருது. இப்ப 100 பவுண்டு வாங்கவா, நாலு இழை வாங்கவா, இல்ல பிரெய்டே வேண்டாம்னு தங்கூஸுக்கே (ஒத்த நைலான் நரம்பு) போயிரவா? களவாவும் விளமீனும்தான் குறி, பாறை மீன் வந்தாலும் சந்தோசம். கல்லுல போட்டு பழகுனவங்க சொல்லுங்க.

கூடுதாழை கடலான்:

தம்பி, கல்லுக்கு தங்கூஸுதான். எங்க அப்பா காலத்துல 0.60, 0.70 நரம்ப கட்டையில சுத்தி வச்சி கையால வீசுவாக, ராடும் கெடயாது ரீலும் கெடயாது, களவா ஏறத்தான் செஞ்சிது. தங்கூஸு கல்லுல உரசுனா சொரசொரன்னு ஆயிரும், வெரல வச்சி உருவிப் பாத்தாலே கைக்கு தெரியும், அந்தத் துண்ட மட்டும் நறுக்கிட்டு திரும்ப முடிஞ்சிக்கலாம். பிரெய்டு முழுசா இருக்க மாதிரியே காட்டும், நல்ல மீன் ஏறுன அன்னைக்கு கைய விரிச்சிரும்.

இன்னொன்னும் சொல்லணும், இத யாரும் பேச மாட்டேங்கிய. நீங்க அறுத்து விடுத பிரெய்டு எங்க ஃபைபர் வள்ளத்து மோட்டார் காத்தாடியில போயி சுத்துது. மேல சுத்துனா பிரிச்சிரலாம், உள்ள ஏறி சாஃப்டு சீலு (எண்ணெய அடைச்சி வைக்கிற வளையம்) வரைக்கும் போச்சின்னா எண்ணெ ஒழுக ஆரம்பிச்சிரும், அன்னைக்கு தொழிலு போச்சி, ரிப்பேர் செலவு வேற. வலையிலயும் கோத்துக்கிட்டு வருது. எந்த நரம்பு வேணும்னாலும் போடுங்க, அறுந்தா கொஞ்சமா அறுந்து போற மாதிரி போடுங்க. இத நான் வேண்டிக் கேக்கேன்.

உவரி அலைக்கரை:

கடலான் மாமா கடைசியா சொன்னதுதான் இந்த கேள்விக்கு பதிலே. கல்லுல போட்டா மாட்டத்தான் செய்யும், மாட்டுனா அறுக்கத்தான் வேணும். எந்த நரம்பு அறுக்காதுன்னு தேடுனா கெடைக்காது. எந்த எடத்துல அறுக்கணும்னு வீட்டுலயே முடிவு பண்ணி கட்டிட்டு வரணும். உங்க செட்டுல எது பலம் கொறஞ்ச எடம்னு பாருங்க, முள்ளு நரம்பு (தூண்டில் முள்ள கட்டுத துண்டு நரம்பு) என்ன போட்டுருக்கிய, 0.60 இருக்குமா? அதே 18 கிலோ கிட்ட தாங்கும். உங்க 0.20 பிரெய்டு டப்பால என்ன போட்டுருந்தாலும் சரி, அவ்வளவு தாங்காது. அப்ப மாட்டுன ஒடனே முள்ளு நரம்பு போவாம பிரெய்டுதான போவும், அதுவும் நடுவுல எங்க கல்லு உரசிச்சோ அங்கன போவும். அதனாலதான் 40 மீட்டர் போவுது.

நான் கல்லுக்கு கட்டுதது இதுதான்: நாலு இழை பிரெய்டு பிஇ 4 (பிஇங்கிறது பிரெய்டோட தடிமன் நம்பர்), அது 0.33 எம்எம் வரும். அதுக்கு முன்னால 0.80 தங்கூஸு லீடர் (பிரெய்டு முனையில முடியிற தடி நரம்பு) 8 மீட்டர், கல்லு ரொம்ப மோசமா இருந்தா 10 மீட்டர். முள்ளு நரம்பு 0.55 இல்லன்னா 0.60. ஈயத்துக்கு மட்டும் தனியா 0.35 நரம்பு. ஈயம் மாட்டுனா ஈயம் மட்டும் போவும், முள்ளு மாட்டுனா முள்ளு மட்டும் போவும், பிரெய்டு முழுசா ரீலுக்கு திரும்ப வந்துரும். களவா, விளமீனு எல்லாம் கல்ல ஒட்டியே நிக்கிற சாதி, அதுக்கு இந்த தடிமன் பாத்து பயம் கெடயாது.

லீடர் ஏன் அவ்வளவு நீளம்னு கேப்பிய. பிரெய்டுங்கிறது மெல்லிசு மெல்லிசா ஆயிரக்கணக்கான நாரு சேந்தது. இழுத்து விறைப்பா இருக்கும்போது கொட்டலசு (கல்லுல ஒட்டி வளருத கூரான ஓடு) விளிம்புல பட்டா நாரு ஒவ்வொன்னா வெட்டுப்படும், கிணத்துக் கயிறு பிரி பிரியா விடுத மாதிரி. தங்கூஸு ஒத்த நரம்பு, வழுவழுன்னு இருக்கும், மேல கீறல் விழுந்தாலும் உள்ள மிச்சம் நிக்கும். அது இல்லாம தங்கூஸு 20 சதவீதத்துக்கு மேல இழுபடும், பிரெய்டு 3, 4 சதவீதம்தான். அதுனால கடல் கல்லுல படுத எடம் பூரா தங்கூஸா இருக்கணும், தண்ணிக்கும் காத்துக்கும் நடுவுல கெடக்குற எடம் பூரா பிரெய்டா இருக்கட்டும்.

மணப்பாடு முனை:

அலைக்கரை அண்ணன் சொல்லுதது அடித்தூண்டிலுக்கு சரி. ஆனா எல்லாத்துக்கும் பிஇ 4 போடுங்கன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நான் மணப்பாடு முனையில பாப்பரும் ஜிக்கும் (மீன் மாதிரி செஞ்ச பொய் இரை) வீசுதேன், எட்டு இழை பிஇ 2.5, லீடர் 2 மீட்டர் தான், பாறை மீனும் சீலாவும் ஏறுது. 40 கிராம் பாப்பர பிஇ 4ல வீசுனா கச்சான் காத்துல பாதி தூரத்துலயே நின்னுரும். நரம்பு தடிச்சா காத்து புடிக்கும், அந்த வளைவுலயே நரம்பு பக்கவாட்டுல போயி கல்லுல படும், அப்ப தடி நரம்பால என்ன லாபம்? தூரமா போட்டா மீன் ஏறுறதுக்கு வாய்ப்பு கூட, அத ஏன் யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்கிய.

உவரி அலைக்கரை:

தம்பி, பாப்பர் தண்ணி மேல ஓடுது, உங்க நரம்பு கல்லு மேல படுக்கதே இல்ல. மீன் ஏறுன பொறவு மட்டும்தான் உங்களுக்கு கல்லு பிரச்சன. இவுக ஈயத்த அடியில போட்டு வச்சிட்டு நிக்காக. ரெண்டும் வேற. நீங்க சொன்ன காத்து விசயம் சரிதான், அத ஒத்துக்கிடுதேன், ஆனி ஆடியில கச்சான் வீசும்போது தடி பிரெய்டு வில்லு மாதிரி வளையத்தான் செய்யும். அதுக்கு ராட உசத்தி புடிச்சி, ஈயம் தரை தட்டுன ஒடனே தொய்வ சுத்தி எடுத்துரணும். பிரெய்டு தண்ணிய விட எடை கொறவு, மெதக்கும், தங்கூஸு மெதுவா அமுங்கும். அதனால தொய்வா விட்டா காத்துக்கும் அலைக்கும் பிரெய்டுதான் மொதல்ல இழுபடும்.

அடித்தூண்டில்ல தூரம் தேவைப்படாத எடம் நெறைய இருக்கு. தூண்டில் வளைவுல நின்னா கல்லுக்கு அடியில, கால் பக்கத்துல, 15, 20 மீட்டருக்குள்ளதான் களவா கெடக்கு. அங்க கடலான் மாமா சொல்லுதது தான் சரி, முழுக்க 0.60 தங்கூஸே போதும், பிரெய்டுக்கு செலவழிக்கவே வேண்டாம். அங்கிட்டு தாண்டி பார் (கடலுக்கு அடியில கெடக்குற பாறைத் திட்டு) இருக்கு, அதுக்கு வெளிய போடணும்னா அப்பதான் பிரெய்டு.

விகேபுரம் நூல்:

நான் மில்லுல நூல் டெஸ்டிங்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவன், மீனு பத்தி உங்க அளவுக்கு பேச தெரியாது, நூலு பத்தி கொஞ்சம் சொல்லுதேன், ஏன்னா இந்த டப்பாவுல போடுத பவுண்டு கணக்க பாத்தா எனக்கு பொறுக்க மாட்டேங்கு.

பிஇ நம்பர் ஜப்பான்காரன் கணக்கு. பிஇ 1ன்னா 200 டெனியர். டெனியர்னா 9000 மீட்டர் நூலோட எடை எத்தன கிராம்னு அர்த்தம், அவ்வளவுதான். பருத்தி நூலுல கவுண்ட் கூடுனா நூலு மெல்லிசாவும், டெனியர்ல நம்பர் கூடுனா தடிக்கும், அத மட்டும் கொழப்பிக்கிடாதிய. பிஇ 1.5, அதாவது 300 டெனியர், 0.20 எம்எம் வரும். பிஇ 4ன்னா 800 டெனியர், 0.33 எம்எம்.

இந்த பிரெய்டு பூரா பாலிஎத்திலீன் நாரு, டைனீமா, ஸ்பெக்ட்ரான்னு பேரு கேட்டுருப்பிய. இந்த வகையில நல்ல நாரே ஒரு டெனியருக்கு 30ல இருந்து 40 கிராம்தான் தாங்கும். இப்ப கணக்கு போடுங்க. 300 டெனியர 30ஆல பெருக்குனா 9 கிலோ, 40ஆல பெருக்குனா 12 கிலோ. பவுண்டுல 20ல இருந்து 26. பின்னல்ல கொஞ்சம் போவும், முடிச்சில இன்னும் போவும். 0.20 எம்எம்ல 80 பவுண்டுன்னா 36 கிலோ. அப்புடி ஒரு நாரு இந்த வெலையில மீன் புடிக்க வராது தம்பி. ஒன்னு தடிமன் பொய், இல்ல பவுண்டு பொய், பெரும்பாலும் ரெண்டுமே பொய்.

வீட்டுலயே சோதிக்க வழி இருக்கு. அரை கிராம், ஒரு கிராம் காட்டுத தராசு இருந்தா போதும், நக கடையிலயும் நிறுத்து குடுப்பாக. காலி ஸ்பூல நிறுத்துட்டு, நரம்பு சுத்துன பொறவு திரும்ப நிறுத்தா நரம்போட எடை தெரிஞ்சிரும். 300 மீட்டருக்கு பிஇ 1.5 ஆயிருந்தா 10 கிராம் வரும், பிஇ 3 ஆயிருந்தா 20, பிஇ 4 ஆயிருந்தா 26, 27 கிராம். பூச்சு இருக்குததால ஒன்னு ரெண்டு கிராம் கூடலாம். ஒரேயடியா மாறி நின்னா டப்பா பொய் சொல்லுது.

திசையன்விளை தூண்டில்:

ஐயா, இப்புடி ஒருத்தரும் எனக்கு சொல்லித் தந்ததில்ல. அதே கம்பெனி டப்பா இன்னொன்னு பிரிக்காம வச்சிருந்தேன், 300 மீட்டர், காலி ஸ்பூலுக்கு மாத்தி நக கடையில நிறுத்தேன். 13 கிராம் வந்துச்சி.

விகேபுரம் நூல்:

அப்ப 390 டெனியர். பிஇ 2க்கு கொஞ்சம் கொறவு. பூச்சு போவ பாத்தா இன்னும் கொறையும். தடிமன் 0.20 இல்ல, 0.23 கிட்ட வரும். பலம் 12ல இருந்து 15 கிலோ, அதாவது 26ல இருந்து 33 பவுண்டு, அதுவும் முடிச்சி போடுததுக்கு முன்னால, ஒரு கீறலும் இல்லாத புது நரம்புக்கு. அலைக்கரை சொன்னது கணக்குல அப்புடியே வந்து நிக்கி பாருங்க, உங்க முள்ளு நரம்பு 18 கிலோ, பிரெய்டு 15 கூட இல்ல. அறுந்த எடம் ஏன் பிரெய்டுல இருந்துச்சின்னு இப்ப தெரிஞ்சிருக்கும்.

நாலு இழையா எட்டு இழையான்னு கேட்டியளே, அதயும் சொல்லிருதேன். 800 டெனியர் நரம்ப நாலு இழையா பின்னுனா ஒரு இழை 200 டெனியர். எட்டா பின்னுனா ஒரு இழை 100 டெனியர். மொத்த எடை ஒன்னுதான், ஆனா கல்லுல உரசும்போது கல்லுக்கு முன்னால நிக்கிறது இழை. 200 டெனியர் இழை பாதி வெட்டுப்பட்டாலும் மிச்சம் இருக்கும், 100 டெனியர் இழை சீக்கிரம் முழுசா போயிரும், ஒரு இழை போனா பின்னலே தொளதொளத்துரும். எட்டு இழை உருண்டையா வழுவழுன்னு இருக்கும், வளையத்துல சத்தம் இல்லாம ஓடும், தூரம் போவும். நாலு இழை கொஞ்சம் சொரசொரப்பு, வளையத்துல சொய்ங்குன்னு சத்தம் கேக்கும். நூலு பாத்தவன்ங்கிற மொறையில நான் கல்லுக்கு நாலு இழைதான் எடுப்பேன்.

அம்பை விரால்:

குறுக்க பேசுததுக்கு மன்னிக்கணும். ஆத்துலயும் கொளத்துலயும் விரால் அடிக்கவங்க எட்டு இழைய விட்டு வராதிய. அமலைக்குள்ள, தாமரை எலைக்குள்ள தவளை லூர் போட்டா எட்டு இழை பிரெய்டு தண்டுல மாட்டாம வழுக்கிக்கிட்டு வரும், அங்க வழுவழுப்புதான் வேணும். கல்லு கணக்கு கல்லோட.

பணகுடி காத்து:

அண்ணாச்சிமாரே, எனக்கு ரெண்டு சந்தேகம். ஒன்னு, 0.80 லீடரையும் பிரெய்டையும் எப்புடி முடியிறது, நான் டபுள் யூனி போட்டா முடிச்சி பெருசா வந்து வளையத்துல டக்கு டக்குன்னு அடிக்கி. ரெண்டு, ஈயத்துக்கு 0.35 நரம்பு போட்டா 120 கிராம வீசும்போதே பிச்சிக்கிட்டு பறக்காதா? தூண்டில் வளைவுல பிள்ளைய எல்லாம் ஒக்காந்துருக்கும்.

உவரி அலைக்கரை:

ரெண்டாவது கேள்விதான் ரொம்ப முக்கியம், அத மொதல்ல சொல்லுதேன். மெல்லிசு நரம்ப நேரா ஈயத்துல கட்டி வீசவே கூடாது. 120 கிராம் ஈயம் பிச்சிக்கிட்டு போயி ஒருத்தர் தலையில பட்டா உசுரு போயிரும். அதுக்கு ஒரு கொக்கி வச்சித்தான் வீசணும்.

1 எம்எம் ஸ்டீல் கம்பி ஒரு வெரல் நீளத்துக்கு வெட்டிக்கிடுங்க. மேல் முனைய சுருட்டி வளையம் ஆக்கி, லீடரோட அடி சுவிவல்ல (நரம்பு முறுக்காம சுழலுத வளையம்) கோத்துருங்க. கீழ் முனைய ஆழமா வளைக்காம லேசா மட்டும் மேல் பக்கமா மடக்குங்க, அரை வட்டம் கூட வேண்டாம். ஈயத்தோட காதுல 0.80 நரம்புல ஒரு சின்ன கண்ணி போடுங்க. அந்தக் கண்ணிய கொக்கியில மாட்டுங்க. அதே ஈயக் காதுல இருந்து 0.35 நரம்பு ஒரு சாண் நீளத்துக்கு சுவிவலுக்கு கட்டுங்க, இது தொய்வா தொங்கணும். வீசும்போது ஈயத்தோட எடை பூரா கொக்கியிலயும் தடி கண்ணியிலயும்தான் நிக்கும், மெல்லிசு நரம்புக்கு ஒரு வேலையும் இல்ல. தண்ணியில விழுந்து நரம்பு தொய்யும்போது கண்ணி கொக்கிய விட்டு நழுவிரும், அப்பொறம் ஈயம் 0.35ல மட்டும் தொங்கும். வீட்டுலயே கையில தூக்கிப் புடிச்சி சோதிச்சிக்கிடுங்க, ஈயத்த தூக்கி விட்டா கண்ணி தானா விழணும், தொங்கவிட்டு ஆட்டுனா விழவே கூடாது. ரெண்டும் சரியா வந்தா மட்டும் கடக்கரைக்கு எடுத்துட்டு வாங்க. கண்ணியும் வீசுத நாள் தவறாம பாக்கணும், கீறல் இருந்தா மாத்திருங்க.

ஈயத்துக்கு காசு போவுதேன்னு வருத்தப்படுதவங்க மெக்கானிக் கடையில பழைய ஸ்பார்க் பிளக் கேட்டு வாங்கிக்கிடுங்க, இல்லன்னா பெரிய இரும்பு நட்டு. கடல்ல ஈயம் சேருறதுக்கு இரும்பு துருப்புடிச்சி போறது எவ்வளவோ தேவல.

முடிச்சிக்கு எஃப்ஜி போடுங்க, டபுள் யூனி தடி லீடருக்கு ஒத்து வராது. பிரெய்ட விறைப்பா புடிச்சி வச்சிட்டு அது மேல லீடர ஒரு தடவ மேல, ஒரு தடவ கீழன்னு மாத்தி மாத்தி சுத்தணும், 20 சுத்துக்கு கொறயக் கூடாது. அப்பொறம் பிரெய்டு முனையால ரெண்டையும் சேத்து ஒரு அரை முடிச்சி, எச்சி தொட்டு நனச்சிட்டு ரெண்டு பக்கமும் மெதுவா இழுக்கணும். இழுக்க இழுக்க பிரெய்டு லீடருக்குள்ள கடிச்சி எறங்கும், நெறம் கொஞ்சம் கறுத்த மாதிரி தெரியும், அப்பதான் புடிச்சிருக்குன்னு அர்த்தம். நெறம் மாறலன்னா பிரிச்சிட்டு திரும்ப போடுங்க, அது வீசும்போது உருவிரும். நனைக்காம வெடுக்குன்னு இழுக்காதிய, இந்த நாரு 145 டிகிரி கிட்டயே உருகிரும், காஞ்சி உரசுற சூடே அதுக்கு ஆவாது. அப்பொறம் லீடர் வால ஒட்ட நறுக்கிட்டு, பிரெய்டு மேலயே இன்னும் நாலஞ்சி அரை முடிச்சி. முடிச்சி ஒல்லியா நீளமா வரும், வளையத்துல அடிக்காது.

மணப்பாடு முனை:

முடிச்சி விசயத்துல அண்ணனோட ஒத்துப் போறேன். ரீலு பக்கம் ஒரு நாலு வார்த்த. ஸ்பூல்ல நேரா பிரெய்ட கட்டாதிய, வழுக்கிரும், மீன் இழுக்கும்போது மொத்த நரம்பும் ஸ்பூல்ல சுத்தும், டிராக் (மீன் இழுத்தா நரம்ப விட்டுக் குடுக்குற பிரேக்கு) வேல செய்யலன்னு நெனச்சிக்கிடுவிய. அடியில பத்து இருவது மீட்டர் தங்கூஸு சுத்திட்டு அது மேல பிரெய்டு. சுத்தும்போது ஈரத்துணியில புடிச்சி இறுக்கமா சுத்தணும், லூசா சுத்துனா பெரிய மீன் இழுத்த ஒடனே மேல் நரம்பு அடி அடுக்குக்குள்ள போயி புதஞ்சிரும், அடுத்த வீச்சுல டப்புன்னு நிக்கும்.

ராடு வளையத்தயும் பாருங்க. காதுல அழுக்கு எடுக்க பஞ்சு வச்சிருப்போம்ல, அத ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் விட்டு சுத்துங்க. பஞ்சு இழை எங்க மாட்டுதோ அங்கன வெடிப்பு இருக்கு. கண்ணுக்கு தெரியாத வெடிப்பு அது, ஆனா எந்த பிரெய்டு போட்டாலும் அந்த ஒரு வளையம் போதும் நாசமாக்க.

கரையில இருந்து வந்த ஒடனே நல்ல தண்ணியில ரீல லேசா கழுவிருங்க. பிரெய்டு உப்பால கெட்டுப் போவாது, ஆனா உப்பு கல்லா காஞ்சி இழைக்குள்ள நிக்கும், வளையத்த அரிக்கும். வருசம் ஒருக்க நரம்ப தலைகீழா மாத்திச் சுத்துனா அடியில கெடந்த புது நரம்பு மேல வந்துரும், வெலைக்கு வாங்குன நரம்பு இரட்டிப்பு நாள் வரும்.

கூடுதாழை கடலான்:

நல்லா பேசுதிய, படிக்க சந்தோசமா இருக்கு. பிரெய்டே வேண்டாம்னு நான் சொன்னதுல இருந்து எறங்கி வாரேன், இப்புடி கட்டுனா வள்ளக்காரங்களுக்கு தொந்தரவு இல்ல.

மாட்டுனா எப்புடி அறுக்கணும்னு யாரும் சொல்லல. ராட வளச்சி இழுக்காதிய, ராடு ஒடியும். பிரெய்ட கையில சுத்தி மட்டும் இழுத்துராதிய, தோலோட நிக்காது, எலும்பு வரைக்கும் எறங்கும். ஒரு சாண் கம்பு, விளக்குமாத்து கட்டை மாதிரி உருட்டா இருந்தா நல்லது, அதுல ஏழெட்டு சுத்து சுத்தி, ரெண்டு கையாலயும் கம்ப புடிச்சி, நரம்புக்கு நேரா பின்னால நடங்க. மொகத்த திருப்பிக்கிடுங்க, ஈயம் விடுபட்டா நேரா உங்க மேலதான் வரும். அதுக்கும் முன்னால நரம்ப தொய்வா விட்டு ரெண்டு மூணு அலை போற வரைக்கும் பொறுத்துப் பாருங்க, களவா வளைக்குள்ள போயி செவுள விரிச்சி இறுக்கிக்கிட்டு நின்னா கூட தொய்வு குடுத்தா வெளிய வரும். எடம் மாறி வேற பக்கம் இருந்து இழுத்தாலும் பாதி வந்துரும்.

அறுந்து கரையில கெடக்குற துண்டு எதயும் விட்டுட்டு வராதிய. சனவரில இருந்து மார்ச்சு வரைக்கும் ஆமை ஏறுத கரை இது. கடப்புறா காலுல பிரெய்டு சுத்தி கால் வீங்கி நொண்டிக்கிட்டு நிக்கிறத நான் பாத்துருக்கேன், பாக்க முடியல. பையில போட்டு வீட்டுக்கு கொண்டாந்து துண்டு துண்டா நறுக்கி குப்பையில போடுங்க.

இன்னொன்னு. கல்லு மேல நிக்கும்போது கடல் அமைதியா இருக்குன்னு நம்பாதிய. காத்தே இருக்காது, வானம் தெளிஞ்சி கெடக்கும், எங்கயோ தூரத்துல கெளம்புன அலை திடுதிப்புன்னு ஏறும், அதத்தான் கள்ளக்கடல்னு சொல்லுதோம். 2024 மே மாசம் 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச்சுல அஞ்சி மருத்துவ மாணவங்க அப்புடித்தான் போனாங்க. ஐதராபாத் இன்காய்ஸ் (கடல் நெலவரம் சொல்லுத மத்திய அரசு நிறுவனம்) முன்னாடியே எச்சரிக்க போடுது, போன்ல பாத்துட்டு கெளம்புங்க. சிவப்பு போட்டுருந்தா மீனு எங்கயும் போயிராது, இன்னொரு நாள் வாங்க. பாசி புடிச்ச கல்லுல செருப்பு போட்டு ஏறாதிய, தனியா போவாதிய.

திசையன்விளை தூண்டில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்ப என் திட்டத்த சொல்லுதேன், தப்பு இருந்தா சொல்லுங்க. நாலு இழை பிஇ 4, 300 மீட்டர், வாங்குன ஒடனே நிறுத்துப் பாக்கப் போறேன், 26 கிராமுக்கு கொறஞ்சா கடைக்கே திருப்பிக் குடுத்துருவேன். அடியில தங்கூஸு. லீடர் 0.80, 8 மீட்டர். முள்ளு நரம்பு 0.60. ஈயத்துக்கு கொக்கி வச்சி 0.35. பழைய மெல்லிசு பிரெய்ட மணலுக்குன்னு தனி ஸ்பூல்ல வச்சிக்கிடுதேன். தூண்டில் வளைவுல கால் பக்கத்துல போடுததுக்கு முழுக்க 0.60 தங்கூஸு வேற ஒரு சின்ன ரீலுல. ஒரே ஒரு கேள்வி, லீடர 0.80க்கு பதிலா 1.00 எம்எம் போட்டா இன்னும் நல்லதா?

உவரி அலைக்கரை:

வேண்டாம் தம்பி. 1.00 போட்டா எஃப்ஜி முடிச்சி கடிக்க வைக்கிறது கஷ்டம், நரம்பு வெறப்பா சுருள் சுருளா நிக்கும், ஸ்பூல்ல இருந்து துள்ளி முதல் வளையத்துலயே சிக்கும். 0.80ல நிப்பாட்டிக்கிடுங்க, கீறல் விழுந்தா முன்னால ஒரு மீட்டர் நறுக்கிட்டு கட்டுங்க, 5 மீட்டருக்கு கொறஞ்சா முழு லீடரையும் மாத்திருங்க. முள்ளு நரம்ப 0.55ஆ கொறச்சிக்கிடுங்க, உங்க பிரெய்டு கொஞ்ச நாள் பழசாவும்போது பலம் எறங்கும், அப்பவும் முள்ளு நரம்பு அத விட கொறவா இருக்கணும்.

விகேபுரம் நூல்:

நிறுக்கும்போது ஸ்பூல்ல ஒட்டிருக்க அட்டை, லேபிள் எல்லாம் சேத்து நிறுத்துராதிய, அதுவே ரெண்டு கிராம் காட்டிரும். நரம்பு காஞ்சி இருக்கணும், ஈரத்துணியில சுத்துததுக்கு முன்னாலயே நிறுத்துருங்க. எத்தன கிராம் வந்துச்சின்னு இங்கயே போடுங்க, எந்த டப்பா எவ்வளவுன்னு நாமளே எழுதி வச்சா அடுத்து வாங்குதவங்களுக்கு ஒதவும்.

பணகுடி காத்து:

என்கிட்ட ரெண்டு டப்பா இருக்கு ஐயா, ஒன்னு நாலு இழை, ஒன்னு எட்டு. ஞாயித்துக்கெழம வள்ளியூர்ல நிறுத்துட்டு ரெண்டோட எடையும் போடுதேன். அந்தக் கொக்கிக்கு கம்பி எந்தக் கடையில கெடைக்கும் அண்ணாச்சி?

உவரி அலைக்கரை:

சைக்கிள் கடையில கேக்காதிய, அந்த ஸ்போக்கு தடிமன். ஹார்டுவேர் கடையில ஸ்டீல் கட்டுக்கம்பி 1 எம்எம்னு கேளுங்க, துருப்புடிக்காத ஸ்டீலான்னு காந்தம் வச்சி பாத்து வாங்குங்க, பெரும்பாலும் ஒட்டாது. ஒரு மீட்டர் வாங்குனா பத்து கொக்கிக்கு மேல வரும்.

கூடுதாழை கடலான்:

வளைக்கும்போது முனைய அரம் வச்சி மழுக்கிருங்க தம்பி, இல்லன்னா கண்ணிய அதுவே அறுத்துரும்.